ஹெலிகாப்டர் காற்றில் ஒரு தலைப்பாகை

முதலில் சத்தம்தான் வந்தது. ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தெரியவில்லை.

மண்டபம் ஹெலிபேடில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். கலெக்டர் நடுவில். அவருக்கு ஓர் எட்டு முன்னால், ஓரமாக, நான். வெள்ளை அங்கி, குறுக்கே சிவப்பு டவாலி, நெஞ்சில் பித்தளை வில்லை, தலையில் தலைப்பாகை. டில்லியிலிருந்து பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறார். புழுதி பறக்காமல் இருக்க தீயணைப்பு வண்டி தரையெல்லாம் தண்ணீர் அடித்திருந்தது. ஈர மண்ணின் வாசனையோடு பக்கத்தில் எங்கோ காய்கிற கருவாட்டின் வாசனையும் கலந்து வந்தது.

அப்போதுதான் இருளாண்டி அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மாவட்ட வருவாய் அலுவலருக்கு, அதாவது டி.ஆர்.ஓ.வுக்குத் தபேதார். எனக்கு ரொம்ப காலம் மூத்தவர். அவருடைய தலைப்பாகை அவர் தலையில் இல்லை. கைக்குழந்தையைப் போல இடது கக்கத்தில் இருந்தது.

"ஏத்தா, இன்னும் கழட்டலையா?"

"எதைண்ணே?"

"தலப்பாவத்தான். ஹெலிகாப்டர் எறங்குறப்ப கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிருவோம்ல. காத்து ஓஞ்சதும் மாட்டிக்கிருவோம். இதெல்லாம் சொல்லியா தெரியணும்?"

சொன்னால்தானே தெரியும்! எனக்கு அதுதான் முதல் ஹெலிகாப்டர். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அவருடையது மாட்டுகிற தலைப்பாகை. என்னுடையது கட்டுகிற தலைப்பாகை. அவர் கழற்றினால் அது தலைப்பாகையாகவே இருக்கும். நான் கழற்றினால் பத்து முழத் துணிதான் கையில் இருக்கும்.

தெற்கே, கடலுக்கு மேல், ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

காபியும் வெள்ளைத்தாளும்

அந்தப் புள்ளி வந்து இறங்குவதற்குள், என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பாக்கியம். ஊர் வாலிநோக்கம். கலெக்டர் ஆபீசில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, ஃபைல் தூக்கி, டீ வாங்கி, மணி அடித்தால் ஓடி, கடைசியில் கலெக்டரின் தபேதார் ஆனவள். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த அங்கியைப் போட்ட முதல் பெண்.

தபேதார் என்றால் கலெக்டருக்கு முன்னால் நடந்து வழி விலக்குகிறவர். கார்க் கதவைத் திறக்கிறவர். கொடியேற்றும்போது அவருக்குப் பின்னால் விறைத்து நிற்கிறவர். "கதவு திறக்குற வேலைதானே" என்று என் சொந்தக்காரர்களே முகத்தைச் சுளித்தார்கள். ஆமாம், கதவு திறக்கிற வேலைதான். அந்தக் கதவைத் திறக்க இத்தனை காலமும் ஒரு பொம்பளையைக் கூப்பிடவில்லையே, ஏன்?

இந்தப் பதவி சீனியாரிட்டி வரிசைப்படி வருவது. எனக்கு முன்பும் பெண்களின் முறை வந்திருக்கிறது. முறை வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டுவார்கள். 'சொந்தக் காரணங்களால் இப்பதவி எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்களும் பழைய ஸ்டூலுக்கே திரும்பிவிடுவார்கள். யாரும் மிரட்டியதில்லை. யாரும் அழுததுமில்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

எனக்கும் நீட்டினார்கள்.

"என்ன சொந்தக் காரணம்னு எழுதட்டும் சார்?" என்று கேட்டேன்.

செக்‌ஷனில் இருந்தவர் பேனாவையும் நீட்டினார். "எனக்கு அப்படி ஒரு காரணமும் இல்லையே சார்" என்று சொல்லி, காபியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன். நல்ல காபி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வெளியே சகாயராணி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அடுத்த முறை அவளுடையது. பயந்த பிள்ளை. யாராவது உரக்கப் பேசினாலே முந்தானையைத் திருக ஆரம்பித்துவிடுவாள். "அக்கா, நீங்க எப்படி நிக்கிறீகளோ, அதப் பார்த்துட்டுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றாள். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன். மண்டபத்தில் அந்தப் பேச்சுதான் நெஞ்சில் கல்லாகக் கனத்தது. நான் ஒருத்தி தோற்றால் என்னோடு போகட்டும் என்று விடலாம். என் தலைப்பாகை பறந்தால் அவளுக்கும் காபி வந்துவிடும்.

ஜமால் பாய் வைத்த பை

"நம்ம கல்யாணத்துலகூட நான் தலப்பா கட்டல, நீ கட்டப் போறியாக்கும்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்தாலும், அங்கி தைக்கத் தன் ஆட்டோவில் என்னைக் கீழக்கரைக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான்.

கீழக்கரை ஜமால் பாய் துபாயில் ஹோட்டல்காரர்களுக்கு யூனிஃபார்ம் தைத்துவிட்டு ஊர் திரும்பியவர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அங்கன ஹோட்டல்ல மேனேஜருக்குச் சாதா கோட்டுத்தான் தங்கச்சி. வாசல்ல நின்னு கதவு திறக்குறவருக்குத்தான் ராசா உடுப்பு. இன்ஷா அல்லா, உங்களுக்கு அதவிட ஜோரா தச்சிருவோம்."

அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவி அளவெடுத்தார். கை, தோள், இடுப்பு எல்லாம் முடிந்து, பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:

"பை வைக்கவா, வேண்டாமா?"

"ஆம்பளைக்குத் தைச்சாக் கேப்பீகளா பாய்?"

ஒரு நிமிஷம் யோசித்தார். "கேக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். "ரெண்டு பக்கமும் வச்சிருவோம்."

அதுவரை நான் உடுத்தியது எதிலும் பை இருந்ததில்லை. பர்ஸ் ரவிக்கைக்குள், சாவி இடுப்பில், பஸ் டிக்கெட் வளையலுக்குள். அங்கி தைத்து வந்த அன்று கண்ணாடி முன் நின்று இரண்டு பைகளிலும் கைகளை விட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொண்டை

அங்கி பிரச்சினை இல்லாமல் முடிந்தது. தலைதான் பிரச்சினையானது.

தபேதாரின் தலைப்பாகை ஒரே ஒரு தடவை கட்டி, கஞ்சி போட்டு விறைக்கவைத்து, அதன் பிறகு தொப்பியைப் போல எடுத்து மாட்டிக்கொள்வது. முன்பிருந்தவருடையதை என்னிடம் கொடுத்தார்கள். கிராப்புத் தலைக்கு ஏற்றபடி செய்தது. என் கொண்டைமேல் அது பானைமேல் கவிழ்த்த சட்டியாக உட்கார்ந்தது. குனிந்து கார்க் கதவைத் திறந்தால் போதும், கலெக்டரின் காலடியில் விழுந்துவிடும்.

"முடிய வெட்டிரு. சோலி முடிஞ்சது" என்றார் இருளாண்டி அண்ணன். அவர் கெட்ட மனுஷரில்லை. கரண்டுக் கம்பிமேல் சாய்கிற மரக்கிளையை வெட்டச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. முடியையும் வெட்டுவதில்லை, பதவியையும் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வாலிநோக்கம் போனேன். என் ஆத்தா உப்பளத்தில் இருந்தது. ஆத்தாவுக்கு இப்போது சுமக்கிற வயசில்லை. ஆனாலும் தினமும் அங்கே போய் உட்கார்ந்து, வேலை செய்கிற பெண்களை நாலு வார்த்தை வையாவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. பையைத் திறந்து காட்டினேன். ஆத்தா அதை விரலால் தட்டிப் பார்த்தது. டொக் டொக் என்றது.

"இது தொப்பிடி. இதையா வைக்கப் போற? தலையில வைக்கிறதுக்கும் தலையில கட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? நீயுந்தான உப்புச் சொமந்தவ."

ஆமாம். நானும் சுமந்தவள்தான். பள்ளிக்கூட லீவு விட்டால் எங்களுக்கெல்லாம் உப்பளம்தான். பாத்தியிலிருந்து வாரிய உப்பை ஓலைப் பெட்டியில் ஏற்றி, வழுக்குகிற வரப்பில் நடந்து, மலைபோல் குவிந்திருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். ஒரு மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடித்தால் ஆளையே நகர்த்தும். அதனால் அங்கே சுமைக்கு அடியில் சுருட்டி வைக்கிற வெறும் சும்மாடு போதாது. துணியை நனைத்துப் பிழிந்து முதல் சுற்றைக் கொண்டைக்குக் கீழே கொடுத்து, புருவத்துக்கு மேலே இழுத்து, காதை மூடிச் சுற்றி இறுக்கிவிட்டு, அதற்கு மேல்தான் சும்மாடு. ஈரம் காயக் காயத் துணி தலையைக் கவ்விக்கொள்ளும். கொண்டைதான் அதற்கு முளைக்குச்சி. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும், நெற்றி அரிக்கும், ஆனால் சொரிய முடியாது.

சொரிய முடியாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டியைத் தலையில் ஏற்றிய பிறகு கை மேலே போகக் கூடாது. அது அந்தப் பெண்களின் ரோஷம். பெட்டியைப் பிடிக்க ஒருத்தியின் கை போய்விட்டால் அவள் கட்டு சரியில்லை, அல்லது அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். "கை போனவ" என்று வாரக்கணக்கில் கேலி செய்தே சாகடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் ஒருமுறை வந்தது. ஆத்தாதான் முதலில் சிரித்தது.

பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து, ஆத்தாவின் துணியை வாங்கி நனைத்துக் கட்டிப் பார்த்தேன். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் விசிறி மடிப்பும் சிவப்புப் பட்டியும் வைக்க நானாகப் பழகிக்கொண்டேன். அதற்குச் சில வாரமும் நிறைய வசவும் ஆயிற்று. வசவெல்லாம் என்னை நானே வைதது.

கலெக்டரம்மா

அந்தக் கட்டோடு நான் போன முதல் வெளியூர் முகாம் நயினார்கோவிலில் நடந்தது. மனு வாங்குகிற நாள். பந்தலுக்குள் நான் முன்னால் நடக்கிறேன், கலெக்டர் அரைக்கைச் சட்டையோடு பின்னால் வருகிறார். வரிசையில் நின்ற ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, மனுவை என் கையில் திணித்துவிட்டார்.

"கலெக்டரம்மா, எங்க கம்மாயில கருவேல மரம் மண்டிக் கெடக்கு. நீங்கதான் பாத்து ஏதாச்சும் செய்யணும்."

"நான் கலெக்டர் இல்லம்மா. பின்னாடி வாராக பாருங்க, அவுகதான்."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். சின்ன வயசு, ஒல்லி உடம்பு, சாதாச் சட்டை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பரவால்ல, நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

கலெக்டர் சிரித்துவிட்டார். "வாங்கிக்கங்க பாக்கியம், அப்புறம் என்கிட்ட குடுங்க" என்றார். கண்மாயில் கருவேலம் வெட்டியாகிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். என் நிர்வாகத் திறமைதான் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

நிற்குமா?

இனி மண்டபத்துக்கு வருவோம். புள்ளி பெரிதாகி ஹெலிகாப்டராகிவிட்டது. அதற்குப் பின்னால் இன்னும் ஒன்று.

டில்லியிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி வரிசையைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். கலெக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அது துணி, அவிழ்ந்து பறந்தால் ஆபத்து, கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டிகளுக்குப் பின்னால் போகச் சொல்லுங்கள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் வண்டிக்குப் பின்னால் ஒரு தடவை போனால் அதுவே வழக்கமாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளைத்தாள் வழக்கமானது அப்படித்தானே? யாரோ ஒருத்தி முதலில் ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்திருப்பாள்.

வரிசையின் கடைசியில் சகாயராணி பொன்னாடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண் முழுக்க என்மேல்தான்.

கலெக்டர் என்னைப் பார்த்தார். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. தைரியமும் சொல்லவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"நிக்குமா?"

துணியைக் காலையில்தான் கட்டியிருந்தேன். ஈரம் காய்ந்து நெற்றியைக் கவ்வியிருந்தது. கொண்டைக்குக் கீழே முதல் சுற்று அசையாமல் இருப்பதைப் பிடரியில் உணர்ந்தேன்.

"நிக்கும் சார்."

அவர் அதிகாரியிடம் திரும்பி, "அவங்க இங்கேயே நிப்பாங்க. என் பொறுப்பு" என்றார். அந்த மனிதரை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

முதல் ஹெலிகாப்டர் இறங்கியது. புடவைகள் படபடத்தன, கயிற்றில் கட்டியிருந்த காகிதக் கொடிகள் அறுந்து ஓடின. தலைப்பாகை சும்மா இருந்தது. ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன். அந்தத் திமிருக்கு உடனே பலன் கிடைத்தது. இரண்டாவது வந்தது. அது பெரியது.

தண்ணீர் அடித்த தரையிலிருந்தும் மண் எழும்பியது. சகாயராணியின் தட்டிலிருந்து பொன்னாடைகள் கிளம்பின. பூங்கொத்து ஒன்று பூவெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. அங்கி என் உடம்போடு ஒட்டிக்கொண்டது, டவாலி தோளை அறைந்தது. கண்ணை மூடினேன். காது அடைத்துப்போயிற்று. தலைமேல் பத்து விரல்கள் கூடித் துணியைப் பிய்ப்பது போல இருந்தது. விசிறி மடிப்பு பின்னால் சாய்ந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

என் வலது கை என்னைக் கேட்காமலே கிளம்பியது. இடுப்புவரை வந்துவிட்டது.

கை போகக் கூடாது.

இழுத்துக் கீழே கொண்டுவந்தேன். விரல்களுக்கு எதையாவது பிடித்தாக வேண்டியிருந்தது. ஜமால் பாய் வைத்த பையின் ஓரம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இடது கை இந்தப் பக்கத்துப் பையின் ஓரத்தை. கொண்டையில் துணி இழுக்க இழுக்க மயிர்க்கால் ஒவ்வொன்றும் வலித்தது. வலிக்க வலிக்கத்தான் நிம்மதியாக இருந்தது. பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்!

சத்தம் மெல்லக் குறைந்தது. கண்ணைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் நிழல் ஈரத் தரையில் விழுந்திருந்தது, விசிறி மடிப்போடு. கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் என் தலையில்தான் இருந்தது.

டில்லிப் பெரியவர் இறங்கி வந்தார். என்னைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, தலைப்பாகையைப் பார்த்து இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. நல்ல வார்த்தை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கலெக்டருக்கு முன்னால் நடந்துபோய்க் கார்க் கதவைத் திறந்தேன். அந்தக் கதவைத் திறந்தபோது எனக்கு இருந்த கர்வத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

கருவேல முள்

கார்கள் போன பிறகுதான் இருளாண்டி அண்ணனைக் கவனித்தேன். வெறுந்தலையோடு கருவேலம் புதருக்குள் குனிந்துகொண்டிருந்தார். கக்கத்தில் இடுக்கியிருந்த தலைப்பாகையை இரண்டாவது ஹெலிகாப்டர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உருண்டு ஓடியதை அவர் விரட்டிய விரட்டலை டிரைவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியைக் கோட்டைவிட்டேன்.

முள் கிழித்த தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாம்பன் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று கேட்டார்:

"அது என்ன கட்டுத்தா?"

"உப்புச் சொமக்குறவுக கட்டுண்ணே."

"கொண்டை வேணுமோ அதுக்கு?"

"ஆமாண்ணே."

தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கு வழியில்ல" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

பின் சீட்டில் சகாயராணி காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாய்ந்து என் காதோரம் சொன்னாள்:

"அக்கா, என் மொறை வந்தா நானும் காபிய மட்டும் குடிச்சிட்டு வந்திர்றேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தக் கதையை அவளே எழுதட்டும்.

ராமேஸ்வரத்தில் ஜீப் நின்றதும் ஆத்தாவுக்குப் போன் போட்டேன். உப்பளத்தில் யாரோ ஒரு பெண்ணின் போனில் டிவிக்காரர்கள் காட்டியதை எல்லோரும் கூடிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரே புழுதி, ஒன்றும் சரியாகத் தெரியவில்லையாம். நான் பெரியவர் நின்றதையும் பேசியதையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். ஆத்தா குறுக்கே வெட்டியது.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. கை போச்சா?"

ஜமால் பாய் வைத்த பையைத் தொட்டுக்கொண்டேன்.

"போகல ஆத்தா."

ஆத்தா போனை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பாத்திகளைப் பார்த்துக் கத்தியது: "ஏய், கை போகலையாம்டி!"

முதலில் ஒருத்தி குலவை போட்டாள். அப்புறம் உப்பளம் முழுக்கக் குலவை. போனைத் தலைப்பாகை மடிப்புக்குள் காதோரமாகச் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, கோயில் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.